ஒரே விலாசத்தில் பத்தொன்பது பேர்

கதவைத் தட்டிவிட்டுப் பேசாமல் நிற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தெரிந்தவன் என்றால் வாசலிலிருந்தே கூப்பிடுவான். தட்டிவிட்டு நிற்கிறவன் காகிதத்தோடு வந்திருக்கிறான் என்று அர்த்தம். காகிதத்தோடு வந்த எவனும் இதுவரை எனக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை.

அந்தத் திங்கட்கிழமை வந்தது ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். தோளில் கனமான பை. செருப்பு வார் அறுந்து அதில் ஊக்கு குத்தியிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் கதவைப் பாதி திறந்தேன். பெரிய அதிகாரி எவனும் ஊக்குக் குத்திய செருப்போடு மாடி ஏறி வரமாட்டான்.

"ஐயா, இது பதினாலாம் நம்பர் வீடுதானே? மாடி?"

"நம்பர் கீழயே எழுதியிருக்கே. படிக்கலையா?"

"படிச்சேன். நம்ப முடியாமத்தான் கேக்கறேன்."

பையிலிருந்து தாளை எடுத்தாள். புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து வருகிறாளாம். நாடு முழுக்க எந்த ஊரில் யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது, எத்தனை பேர் சாகிறார்கள், வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா குறைகிறதா என்று எழுதி வைக்கிற இடமாம். எழுதி வைத்து என்ன செய்வீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"ஆறு வருஷத்துல இந்த வீட்டுல பத்தொன்பது பேருக்கு மூத்திரப்பையில புற்றுநோய். பத்தொன்பதும் ஆம்பளைங்க. நாட்டுலயே இப்படி ஒரு வீடு கிடையாது. உங்க வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"நானும் என் மகளும்."

உள்ளறையில் படுத்திருந்த என் ஆலைக் கூட்டாளி மொட்டை இருமினான்.

"அது யாரு?"

"பூனை."

"பூனை இருமுமா ஐயா?"

"எங்க வீட்டுப் பூனை இருமும்."

முன்னறையில் தையல் மெஷின் நின்றது. என் மகள் பள்ளிக்கூடப் பைகள் தைக்கிறவள். மெஷின் நின்றால் அவள் என்னைத் திட்டப் போகிறாள் என்று பொருள். "அப்பா, வந்தவங்கள வெயில்ல நிக்க வச்சுப் பூனைக் கதை சொல்லாதீங்க. உள்ள வாங்கக்கா" என்றாள். அக்கா ஆகிவிட்டாள். அதற்குமேல் நான் என்ன செய்வது, கதவைத் திறந்துவிட்டேன்.

நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். முப்பத்தொரு வருஷம் சாயத்தூள் ஆலையில் பீப்பாய்ப் பிரிவில் வேலை. மேலே தொட்டியிலிருந்து தூள் இறங்கும். கீழே பீப்பாயைப் பிடித்து நிரப்பி, கரண்டியால் வழித்துவிட்டு, மூடியைச் சுத்தியால் அடிக்க வேண்டும். மஞ்சள் ஓடுகிற வாரம் வியர்வை மஞ்சள். சிவப்பு ஓடுகிற வாரம் எச்சில் சிவப்பு. எந்த வீட்டுக்காரன் எந்தப் பிரிவு என்று குடியிருப்புப் பெண்களுக்குத் தலையணை உறையைப் பார்த்தே தெரியும். மூத்திரமும் நிறம் மாறும். சுவரோரம் வரிசையாக நின்று யாருடையது பளிச் என்று பந்தயம் கட்டிச் சிரித்திருக்கிறோம். அந்த மடத்தனத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆலையில் எனக்கு வைத்த பெயர் 'மாட்டேன்'. மேஸ்திரி எதைச் சொன்னாலும் முதலில் "மாட்டேன்" என்பேன். பிறகு செய்துவிடுவேன். செய்துவிடுவேன் என்பதுதான் கேவலம்.

ஓய்வு பெற்றதும் இந்த நகரத்தில் மகள் வீட்டுக்கு வந்தேன். வந்த மறு வருஷம் என் மச்சான், செத்துப்போன என் மனைவியின் தம்பி, வாசலில் வந்து நின்றான். மூத்திரத்தில் ரத்தம். ஆலை மருந்தகத்தில் ஏழு மாதம் "தண்ணீர் நிறையக் குடிக்கவும்" என்றே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான் அங்கிருக்கிற டாக்டர். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே பார்வையில் புற்று என்றார்கள். சிகிச்சைக்கு இலவச அட்டை உண்டு, ஆனால் நகர எல்லைக்குள் குடியிருப்பவனுக்கு மட்டும். ஆலைக் குடியிருப்போ பேருந்தில் ஐந்து மணி நேரம். நான் ஒரு தாளில் "இவர் என் வீட்டில்தான் வசிக்கிறார்" என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத வருவதிலேயே நன்றாக வருவது என் கையெழுத்துதான்.

மச்சான் செத்துப்போனான். ஆனால் விலாசம் பிழைத்துக்கொண்டது. "நகரத்துல 'மாட்டேன்' அண்ணன் வீடு இருக்கு, அங்க போ" என்று குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஒவ்வொருவனாக வந்தான். தரையில் படுத்தான். நானும் ஒவ்வொரு முறையும் "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது பேர். பதினாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதி ஐந்து பேரில் நாலு பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்து போகிறார்கள். ஐந்தாமவன்தான் உள்ளே இருமிய பூனை, மொட்டை. வாரம் ஒரு நாள், புதன்கிழமை, குழாய் வழியே மூத்திரப்பையில் மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றிய பிறகு கால் மணிக்கு ஒருதரம் புரண்டு படுக்க வேண்டும், குப்புற, மல்லாக்க, இடம், வலம். ஆறு வாரத்தில் மூன்று முடிந்திருந்தது.

அவர்களுடைய படங்கள், அறிக்கைகள் எல்லாம் பழுப்புக் கவர்களில் என் கட்டிலுக்கடியில்தான் இருந்தன. ஊருக்கு எடுத்துப் போனால் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரன் கேட்பான். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கும். ஆலைக்குத் தெரிந்தால் பிள்ளையை வேலைக்கு எடுக்கமாட்டான். அதனால் எல்லாரும் ஊரில் "கல்லடைப்பு" என்று சொல்லிக்கொண்டு, கவரை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். பத்தொன்பது பேருடைய நோயின்மேல்தான் நான் தினமும் படுத்துத் தூங்கினேன்.

பதிவேட்டுப் பெண் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "ஒரே விலாசம், ஒரே நோய். கம்ப்யூட்டர் இதையெல்லாம் ஒரே ஆள்னு சேத்துடுச்சு. ஒருத்தரே பேரை மாத்தி மாத்திப் பதிஞ்சிருக்காருன்னு முடிவு பண்ணிட்டாங்க. வெள்ளிக்கிழமை புதுப் பதிப்புக்குக் கணக்கை மூடுறோம். பதினெட்ட அழிச்சிட்டு ஒண்ண வச்சுக்கச் சொல்லிட்டாங்க."

"அழிச்சிட்டுப் போங்க. நீங்க எழுதினதாலயா அவங்களுக்கு வந்துச்சு?"

"பத்தொன்பது ஆளுங்கன்னு எனக்குத் தோணுது ஐயா. வேற வேற வயசு, வேற வேற ரத்த வகை. ஒருத்தனுக்கு நாலு ரத்தமா ஓடும்? இவங்க எங்கேருந்து வந்தாங்கன்னு சொல்லுங்க."

சொன்னால் என்ன ஆகும்? அட்டை கொடுக்கிற ஆபீசுக்குப் போகும். விலாசம் பொய் என்று ஐந்து பேருடைய அட்டையையும் கிழிப்பார்கள். மொட்டைக்கு இன்னும் மூன்று தடவை மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. கணக்குக்காக ஒருத்தனைக் கொல்லச் சொல்கிறாளா?

அவள் பையிலிருந்து பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்தாள். நாட்டின் படம். மாவட்டம் மாவட்டமாக வண்ணம் தீட்டியிருந்தது. மூத்திரப்பைப் புற்று அதிகம் இருக்கிற இடம் அடர் சிவப்பு, குறைய இருக்கிற இடம் வெளிர் மஞ்சள். "இது போன பதிப்பு" என்றாள். எங்கள் ஆலை இருக்கிற இடத்தைத் தேடினேன். இருக்கிறதிலேயே வெளிறிய மஞ்சள்.

"செத்தவங்க கணக்கு?" என் மகள் கேட்டாள்.

"அதுலயும் கிட்டத்தட்ட சைபர். அங்க சாவுச் சீட்டுல எல்லாருக்கும் இதயம் நின்னுடுச்சுன்னுதான் எழுதியிருக்கு."

"எவன் செத்தாலும் கடைசியில இதயம் நிக்கத்தானே செய்யும்? நிக்காமலே எவனாவது செத்திருக்கானா?" என்றேன்.

அப்போதுதான் மொட்டை வெளியே வந்தான். இடுப்புத் துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரை மறு கையால் பிடித்துக்கொண்டு. அவனுக்குப் பன்னிரண்டு வயதிலேயே முடி கொட்டிவிட்டது. மருந்தால் இல்லை. அதை எல்லாரிடமும் முதலில் சொல்லிவிடுவான்.

"இந்தப் படம் எனக்குத் தெரியும் அண்ணே" என்றான்.

"டேய், போய்ப் படு."

"எங்க ஆலை கேட்டுல கண்ணாடி போட்டு மாட்டிருக்கான். மாப்பிள்ளை போன்ல அனுப்பினாரு." போனை எடுத்துக் காட்டினான். அதே படம், அதே மஞ்சள். கீழே கொட்டை எழுத்தில்: நாட்டிலேயே மிகக் குறைவு. "போன மாசம் அவர் பீப்பாய்ப் பிரிவுல சேந்துட்டாரு அண்ணே. வேணாம் மாப்பிள்ளைன்னு சொன்னேன். 'ஏன் மாமா, நம்ம ஊர்லதான் கம்மின்னு சர்க்கார் புஸ்தகமே சொல்லுது, நீங்க ஏன் பயப்படறீங்க'ன்னு கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல? எனக்குக் கல்லுன்னு சொல்லிட்டு இங்க வந்து படுத்திருக்கேன்."

பதிவேட்டுப் பெண் அவனையே பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தனாவது நம்பர்?" என்று அவனிடம் கேட்டாள்.

"பத்தொன்பது" என்றான் மொட்டை. "கடைசி."

"இவன் இந்த வீட்டுல இருக்கிறவன். என் தம்பி" என்றேன்.

"அண்ணே, போதும்ணே."

"நீ வாய மூடு. மூணு தடவை பாக்கி இருக்கு உனக்கு. முடிஞ்சப்புறம் வீரம் பேசு."

"முடியறதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துரும். இதை விட்டா அடுத்த புஸ்தகம் எப்பம்மா?"

"அஞ்சு வருஷம் கழிச்சு" என்றாள் அவள்.

"அஞ்சு வருஷம் மஞ்சள் தின்னா என் மாப்பிள்ளை உன் இருபத்தஞ்சாவது ஆளா வருவாரு அண்ணே. அவருக்கும் நீதான் கையெழுத்துப் போடணும்."

நான் அவனைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே சொல்ல முடியாது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் சத்தியம் செய்தாள். பதிவேட்டில் இருக்கிற பெயரை அட்டை ஆபீசுக்குக் கொடுக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். சட்டம்! ஆலையில் முகமூடி கொடுக்க வேண்டும் என்றும்தான் சட்டம் இருந்தது. அதிகாரி சோதனைக்கு வருகிற அன்று காலையில் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்கிக்கொள்வார்கள்.

"சரிம்மா" என்றேன். "ஒருத்தனைத் தர்றேன். ஒரே ஒருத்தன். பாப்போம்."

கட்டிலுக்கடியிலிருந்து மச்சானின் கவரை இழுத்தேன். அதோடு ஒரு தாளில் நானே எழுதினேன். எழுத அரை மணி நேரம் ஆனது. இவன் என் வீட்டில் வசிக்கவில்லை, ஆலைக் குடியிருப்பில் வசித்தான், நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன், இப்படிக்கு நான். இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன். செத்தவனைப் பிடிக்க முடியாது. பிடித்தால் என்னைத்தான் பிடிப்பார்கள். இவள் ஆள் காட்டுகிறவளாக இருந்தால் முதலில் என்னைத் தேடி வருவார்கள், மொட்டையை இல்லை. வியாழன்வரை பார்ப்பது என்று என் கணக்கு.

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. புதன்கிழமை மொட்டைக்கு நாலாவது மருந்து. அட்டையை நீட்டினோம், நர்ஸ் வாங்கினாள், ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து புரண்டு படுத்துக்கொண்டே கேட்டான்: "வந்தாங்களா அண்ணே?" வியாழக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு, உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, "ஆமா, நான்தான் போட்டேன், என்ன இப்ப?" என்று கத்திக்கொண்டே திறந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன். பயந்துபோய் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டான்.

சாயங்காலம் மகள் பைத் துணியில் ஒரு பெரிய பை தைத்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுகிற பட்டையையே இரண்டு பக்கமும் வைத்தாள். "கவரெல்லாம் மடங்காமப் போகும்" என்றாள். நான் கேட்கவே இல்லை. ஆறு வருஷமாக, மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் போய் வந்த கழிவறையில் பிளீச்சிங் ஊற்றிக் கழுவுகிறவள் அவள்தான். எனக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டாள் போல.

வெள்ளிக்கிழமை நானும் மொட்டையும் அந்தப் பையோடு போனோம். பதிவேட்டு ஆபீஸ் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நாடு முழுக்கக் கணக்கெடுக்கிற இடம் என்றால் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்று மேஜை, ஒரு மின்விசிறி, கூரைவரை கோப்புகள். ஈரத் துணி நாற்றம். தலைவர் என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார்.

"வெறும் வாய்ச்சொல்லை வச்சு விலாசத்த மாத்த முடியாது பெரியவரே" என்றார். "இவங்க அங்கதான் இருந்தாங்க, அந்த வேலைதான் செஞ்சாங்கங்கறதுக்கு அத்தாட்சி வேணும். ஆஸ்பத்திரி படிவத்துல எல்லாருக்கும் தொழில் கூலின்னு போட்டிருக்கு. புகைப்பழக்கம் ஆமான்னு போட்டிருக்கு."

"நான் சிகரெட்டத் தொட்டதே இல்ல" என்றான் மொட்டை.

"இவன் பங்கையும் சேத்து நான்தான் குடிச்சேன். எனக்கு வரல. அதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?" என்றேன்.

தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

பதிவேட்டுப் பெண் மச்சானின் கவரைக் கொண்டுவந்தாள். உள்ளிருந்து நீலச் சீட்டுகளைக் கொத்தாக எடுத்து மேஜையில் பரப்பினாள். ஆலை மருந்தகத்துச் சீட்டுகள். நான் கவருக்குள் இருப்பதைப் பார்த்ததே இல்லை. படிக்கிற வேலை நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு சீட்டிலும் ஆலை முத்திரை, ஆள் எண், பிரிவு: பீப்பாய், தேதி. கீழே அந்த டாக்டரின் கோழிக் கிறுக்கலில் "ரத்தம் கலந்த சிறுநீர். தண்ணீர் நிறையக் குடிக்கவும்."

"எல்லாக் கவர்லயும் இருக்கா?" என்று கேட்டார் தலைவர்.

இருந்தது. நம் ஆட்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு எதையும் தூக்கிப்போடமாட்டார்கள், பயம். ஒருத்தனுக்கு நாலு சீட்டு, ஒருத்தனுக்குப் பதினொன்று. நாங்கள் வாயில் மறைத்ததையெல்லாம் ஆலையே முத்திரை குத்தி எழுதிக் கொடுத்திருந்தது. நாங்கள்தான் அதைக் கட்டிலுக்கடியில் போட்டுப் படுத்திருந்தோம்.

ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அந்தப் பெண் தட்டினாள். கம்ப்யூட்டரில் தொழில் என்ற இடத்தில் கூலி தவிர வேறு வார்த்தையை அது ஏற்கவில்லை. கீழே குறிப்பு என்ற இடத்தில் அடித்தாள்: சாயத்தூள் ஆலை, பீப்பாய்ப் பிரிவு, இத்தனை வருஷம். பதினாலு பேர் முடிய ஒன்றரை மணி நேரம். செத்த ஒவ்வொருவனும் அன்றைக்குத்தான் ஊருக்குத் திரும்பிப் போனான்.

"மீதி அஞ்சு?" என்றார் தலைவர்.

"அவங்க என் வீட்டுல இருக்காங்க" என்றேன்.

"வீடு எவ்வளவு பெருசு?"

"மனசு பெருசு."

மொட்டை பையில் கையை விட்டுத் தன் கவரை எடுத்து மேஜையில் வைத்தான். நான் அதைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. அறுபது வயதுக்கு மேல் இரண்டு கிழவன்கள் ஒரு கவரை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதைச் சலவை அறைப் பெண்கள் கதவோரம் நின்று பார்த்தார்கள்.

"விடு அண்ணே. செத்தவனெல்லாம் கணக்குல ஏறிட்டான். நான் உயிரோட ஒளிஞ்சிருக்கேன். என் மாப்பிள்ளைகிட்ட எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்வேன்? ரெண்டு மருந்து பாக்கி, நிறுத்தினா நிறுத்தட்டும். மத்த நாலு பேருக்கும் நேத்தே போன் பண்ணிக் கேட்டுட்டேன். எழுதச் சொல்லிட்டாங்க."

"என்னக் கேக்காமலா?"

"கேட்டா நீ என்ன சொல்லியிருப்பேன்னு எங்களுக்குத் தெரியாதா?"

கவரை விட்டேன். விட்டுவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினேன். "இவங்க பேரு அட்டை ஆபீசுக்குப் போகாதுன்னு எழுதிக் குடுங்க."

"சட்டத்துலயே இருக்கு பெரியவரே. சுவத்துல ஒட்டியிருக்கு பாருங்க."

"சுவரு நாளைக்கு வேற பேசும். இந்த அஞ்சு பேருக்காக நான் அஞ்சு தடவை பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்க ஒரு தடவை நெசக் கையெழுத்துப் போடுங்க."

அவர் ஒரு தாளை இழுத்து எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன், இரண்டு முறை. முத்திரை கேட்டேன். குத்தினார். மகள் தைத்த பையில் அதை மட்டும் வைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

அட்டை ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை. வந்திருந்தால் அந்தத் தாளோடு நின்றிருப்பேன். மொட்டைக்கு ஆறு முறையும் முடிந்தது. முழுக்கப் போய்விட்டதா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார்கள்.

இரண்டு மாதத்தில் புதுப் புத்தகம் வந்தது. பதிவேட்டுப் பெண்ணே கொண்டுவந்து கொடுத்தாள், புதுச் செருப்போடு. நடுப்பக்கத்தைப் பிரித்தோம். எங்கள் இடம் அடர் சிவப்பு. எங்கள் ஆலையில் ஓடுகிற சிவப்பு மாதிரியே இருந்தது. நாட்டில் அவ்வளவு சிவப்பு வேறெங்கும் இல்லை. மொட்டை அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு பேரு வாங்கிடுச்சு அண்ணே" என்றான்.

மகள் அந்தப் பக்கத்தைக் கலரில் கதவளவு பெரிதாக்கி, பைத் துணியில் ஒட்டித் தைத்து, நாலு மூலையிலும் வளையம் வைத்தாள். நானும் மொட்டையும் அதைச் சுருட்டிக்கொண்டு பேருந்து ஏறினோம்.

ஆலை கேட்டில் அந்தக் கண்ணாடிப் படம் அப்படியே இருந்தது, வெளிர் மஞ்சள், நாட்டிலேயே மிகக் குறைவு. அதை நாங்கள் தொடவில்லை. பக்கத்துக் கம்பியில் எங்கள் துணியை விரித்து நாலு மூலையும் கட்டினோம். ஒரே நாடு, இரண்டு படம். பார்க்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும்.

காவலாளி ஓடி வந்தான். காவலுக்கு வருமுன் எட்டு வருஷம் எங்கள் பிரிவில் தூள் அள்ளியவன்தான். "அண்ணே, நீங்களா? கழட்டுங்க அண்ணே. மானேஜர் பாத்தா என் வேலை போயிரும்."

"மாட்டேன்."

"பழைய மாதிரி சொல்லிட்டுக் கழட்டிருவீங்கல்ல?"

"இல்ல."

உள்ளே போய் வந்தான். "கழட்டலேன்னா போலீஸக் கூப்பிடுவாராம். சிகரெட் குடிச்சா வர்ற நோய ஆலை தலையில கட்டுறீங்கன்னு சொல்றாரு."

"கூப்பிடச் சொல்லு. வர்றவனும் படத்தப் பாக்கட்டும்."

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. வேலை முடிந்தவர்கள் வெளியே வந்தார்கள். கூட்டம் முதலில் கண்ணாடியைப் பார்த்தது, பிறகு துணியைப் பார்த்தது, பிறகு எங்களை. மொட்டையின் மாப்பிள்ளை புருவமெல்லாம் மஞ்சளாக முன்னால் வந்தார்.

"மாமா? கல்லு சரியாயிடுச்சா? இங்க என்ன பண்றீங்க?"

"எனக்குக் கல்லு இல்ல மாப்பிள்ளை" என்றான் மொட்டை. சத்தமாகத்தான் சொன்னான், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. "மூத்திரப்பையில கேன்சர். இதோ இந்தச் சிவப்புல நானும் ஒருத்தன். பத்தொன்பதாவது ஆளு. வெக்கப்பட்டு உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

மாப்பிள்ளை படத்தின்மேல் விரலை வைத்தார். எடுத்தபோது சிவப்பின் நடுவில் மஞ்சள் ரேகை பதிந்திருந்தது. அதைத் துடைக்கப் பார்த்தார், போகவில்லை. பிறகு உள்ளே திரும்பாமல், வீட்டுப் பக்கம் போகாமல், மாமனாருக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் சிலர் நின்றார்கள். நிறையப் பேர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் போனேன்.

கூட்டம் கலைந்த பிறகு காவலாளி என் பக்கத்தில் வந்து குனிந்தான். கழட்டச் சொல்லத்தான் வருகிறான் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே" என்றான் மெதுவாக. "ரெண்டு மாசமா எனக்குச் சிவப்பாப் போகுது. மருந்தகத்துல தண்ணி குடிக்கச் சொல்றான். உங்க வீட்டு விலாசம் என்ன?"

அவன் முகத்தைப் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"ரெண்டு எழுதிக்கோ. அட்டைக்கு என் விலாசம். கணக்குக்கு உன் விலாசம், பிரிவு, எட்டு வருஷம், எல்லாம். ஒண்ணுக்கு நான் கையெழுத்துப் போடறேன், இன்னொண்ணுக்கு நீயே போடு. அந்த நீலச் சீட்ட மட்டும் தூக்கிப் போட்றாத."

அவன் கேட்டின் பலகைமேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தான், இரண்டு படத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு.